வீட்ல ஒருத்தர் மட்டும் மழைக்கு ரெடியாகணும்னு சொன்னா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்க இருக்கறது முடிச்சூர்ல, கீழ் வீடு. 2015 டிசம்பர் 1 ராத்திரி தாம்பரத்துல 24 மணி நேரத்துல 49 சென்டிமீட்டர் கொட்டுச்சு, ஆதனூர் மணிமங்கலம் பக்கத்து ஏரித்தண்ணி எல்லாம் சேர்ந்து அடையாறா ஓடறது எங்க ஏரியா வழியா தான்னு அன்னிக்கு தான் எங்க தெருவுல பாதி பேருக்கு தெரிஞ்சுது. வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அதுக்கப்புறம் ஒவ்வொரு புரட்டாசியும் தெருக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவங்க, சொந்தக்காரங்கன்னு யாராவது வந்து கேக்கறாங்க. என்ன வாங்கி வைக்கணும்னு கேக்கறவங்க கம்மி, எனக்கு புரியுது ஆனா வீட்ல அவருக்கு புரியலையே, அவளுக்கு புரியலையேன்னு கேக்கறவங்க தான் ஜாஸ்தி. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு.

"ஒண்ணும் ஆகாது, அப்ப பாத்துக்கலாம்"னு சொல்ற ஆள்கிட்ட எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

புயல்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க, கரண்ட் கட்லேர்ந்து ஆரம்பிங்க. புயல் வரும்னு சொன்னா வராதுன்னு சொல்லிடலாம், கரண்ட் போகாதுன்னு தமிழ்நாட்ல யாரும் சொல்ல மாட்டாங்க. நான் பண்ணது இது தான், ஒரு நாள் சாப்பிட்டு முடிச்சு உக்காந்திருக்கும்போது "ஏங்க, மூணு நாள் கரண்ட் வரலன்னா ஃப்ரிட்ஜ்ல இருக்கற அத்தையோட இன்சுலினை என்ன பண்றது"ன்னு கேட்டேன், கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டேன். அது தான் கஷ்டம், நம்மளே பதிலும் சொல்லிடுவோம், லிஸ்ட்டும் நீட்டிடுவோம், அவங்களுக்கு தலையாட்டறது இல்லன்னா மறுக்கறது ரெண்டு தான் மிச்சம். கொஞ்ச நேரம் யோசிச்சு "பானைல தண்ணி ஊத்தி அதுக்குள்ள டப்பாவ வச்சா தாங்கும்ல"ன்னார். ஞாயித்துக்கிழமை அவரே போய் ஒரு மண்பானை வாங்கிட்டு வந்தார், டாக்டர்கிட்டயும் அவரே கேட்டார் (திறந்த பாட்டில் ரொம்ப சூடு இல்லாத இடத்துல பொதுவா ஒரு மாசம் வரை தாங்கும், ஆனா மருந்துக்கு மருந்து மாறும், உள்ள இருக்கற சீட்டைப் பாத்து டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க). எங்க வீட்ல முதல் ஏற்பாடு அந்தப் பானை தான், அது அவரோட ஐடியா.

அதனால பொதுவா பேசாதீங்க, உங்க வீட்ல இருக்கற ஒரு ஆளை வச்சு கேளுங்க. பாப்பாவுக்கு வீசிங் வந்தா நெபுலைசர் எதுல ஓடும், மாமாவோட பிரஷர் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு, இந்த மாதிரி.

என் வீட்டுக்காரர் 2015-ஐ நேர்ல பாத்தவர். அப்படியும் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடறார். ஏன்?

இந்தக் கேள்விக்கு தான் நான் மூணு வருஷம் தப்பா பதில் வச்சிருந்தேன். அக்கறை இல்லன்னு நினைச்சேன்.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி இருக்கும், கட்டில் காலைத் தண்ணி தொட்டப்போ தான் முழிச்சோம். அவர் அத்தையை முதுகுல தூக்கிட்டு மாடிக்கு போனார், திரும்பி வந்து பையனை தூக்கிட்டு போனார், மூணாவது தடவை இறங்கும்போது படிக்கட்டுல பாதி முழுகியாச்சு. மொட்டை மாடி ஷீட்டுக்கு அடியில ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி, போன் செத்துப்போச்சு, பக்கத்து மாடிலேர்ந்து கயிறு கட்டி ஒரு பிரெட் பாக்கெட் குடுத்தாங்க, அது தான் சாப்பாடு. அப்புறம் படகு வந்துச்சு. இத்தனையும் நடந்தப்ப அவர் ஒரு வார்த்தை பேசல, அதுக்கப்புறமும் பேசல. 2016-ல நான் ஒரு பை ரெடி பண்ணி வைக்கலாமான்னு கேட்டப்போ கத்தினார், நான் அழுதேன், அதோட அந்தப் பேச்சு நின்னு போச்சு.

2018 நவம்பர்ல கஜா புயல் நியூஸ் டிவில ஓடிட்டிருந்துச்சு, வேதாரண்யம் பக்கம் தென்னை மரம் எல்லாம் விழுந்து கிடந்ததைக் காட்டினாங்க, அப்ப தான் திடீர்னு சொன்னார், "அன்னிக்கு நான் பத்து மணிக்கே முழிச்சிருந்தேன், தெருவுல தண்ணி ஏறறதைப் பாத்தேன், வடிஞ்சிடும்னு நினைச்சு படுத்துட்டேன்"னு. மூணு வருஷமா அதை உள்ளயே வச்சிருந்திருக்கார். நான் பை பைன்னு சொல்லும்போதெல்லாம் நீ அன்னிக்கு விட்டுட்டேன்னு நான் குத்திக்காட்டற மாதிரி தான் அவருக்கு கேட்டிருக்கு.

அதனால எழுந்து போற ஆள்கிட்ட ஏற்பாட்டைப் பத்தி பேசறதுக்கு முன்னாடி அந்த நாளைப் பத்தி பேசுங்க, அதுவும் நீங்க என்ன தப்பு பண்ணீங்கன்னு முதல்ல நீங்க சொல்லுங்க. நான் அன்னிக்கு அத்தையோட மருந்து டப்பாவை எடுக்காம நகையைத் தேடிட்டிருந்தேன், அதை அவர்கிட்ட சொன்னப்புறம் தான் ரெண்டு பேரும் ஒரே பக்கம் உக்காந்து பேச முடிஞ்சுது.

நான் வீடியோ, வெதர் மேப், நியூஸ் எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டே இருக்கேன். பாக்கறதே இல்ல.

அனுப்பறதை நிறுத்துங்க. நிஜமா சொல்றேன். ஒரு நாளைக்கு பத்து வந்தா பதினொண்ணாவது நிஜமான ரெட் அலர்ட்டா இருந்தாலும் அதுவும் அதே குப்பைல தான் போகும். அதுக்கு பதிலா ஒரே ஒரு விஷயத்தை ரெண்டு பேரும் சேர்ந்து புரிஞ்சுக்கோங்க, வானிலை மையம் 24 மணி நேரத்துல 12லேர்ந்து 20 சென்டிமீட்டர் வரைக்கும் பெஞ்சா மிக கனமழைம்பாங்க, 20-க்கு மேல போனா அதி கனமழை. இது தெரிஞ்சுட்டா தாம்பரத்துல 49 பெஞ்சதுன்னா என்னன்னு யாரும் விளக்க வேண்டாம்.

"நம்ம ஊர்ல எல்லாம் வராது"ங்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சுது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் பூரா கிடைக்கறதை விட ஜாஸ்தி. தண்ணிக்கு ஏங்கற பூமி அது. திருச்செந்தூர்லேர்ந்து கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு ஜனங்க ரெண்டு நாள் மாட்டிக்கிட்டாங்க.

"நல்ல நாளும் அதுவுமா அபசகுனமா பேசாத"ன்னு வாயை அடைக்கறாங்க.

எங்க அத்தையும் இதையே தான் சொன்னாங்க. எனக்கு வழி காட்டினது ஆயுத பூஜை. யோசிச்சுப் பாருங்க, வடகிழக்கு பருவமழை ஆரம்பிக்கறதுக்கு சரியா முன்னாடி வீட்டைக் கழுவி, பரண்ல இருக்கறதெல்லாம் இறக்கி, வண்டி, அருவாமனை, சுத்தியல், ஸ்க்ரூடிரைவர் வரைக்கும் துடைச்சு பொட்டு வச்சு கும்பிடறோம். அதுல டார்ச்சும், பவர் பேங்கும், சின்ன ரேடியோவும், கயிறும் வச்சா யார் வேண்டாங்கப் போறா? முதல் வருஷம் நான் டார்ச்சுக்கு சந்தனம் குங்குமம் வச்சு கொண்டு போய் வச்சேன், அத்தை தான் "பேட்டரி இருக்கான்னு பாத்தியா"ன்னு கேட்டாங்க. அதுலேர்ந்து அது எங்க வீட்ல வழக்கமாயிடுச்சு, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பையை இறக்கி காலாவதி தேதி பாக்கறது, சார்ஜ் போடறது, பையனோட துணி சைஸ் மாத்தறது எல்லாம். தனியா ஒரு தேதி வச்சா மறந்துடும், பண்டிகையோட கட்டிட்டா மறக்காது.

பெரியவங்க வீட்ல இருந்தா அவங்க உங்க கட்சி தான், நம்ம தான் கேக்கறதில்ல. அந்தக் காலத்துல ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி விறகு, வரட்டி, வத்தல், வடகம், புளி, உப்பு எல்லாம் சேத்து வைக்காத வீடு உண்டா? அத்தைகிட்ட "அப்பல்லாம் மழைக்கு என்ன பண்ணுவீங்க"ன்னு அவர் முன்னாடியே கேளுங்க. நாம ஒரு மாசமா சொல்லி ஏறாதது அம்மா சொன்னா ஏறும்.

செலவு தான் பிரச்சனை. "இருக்கற இ.எம்.ஐ போதாதா"ங்கறார்.

அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆன்லைன்ல எமர்ஜென்சி கிட்னு ஆயிரக்கணக்குல விக்கறதை வாங்காதீங்க, அதுல பாதி நமக்கு உதவாது. மாச சாமான் லிஸ்ட்ல ஒவ்வொரு மாசமும் ஒண்ணு ரெண்டு கூட்டுங்க, ஆடிலேர்ந்து ஆரம்பிச்சா ஐப்பசிக்குள்ள எல்லாம் வந்துடும், பர்ஸுக்கு தெரியாது. மெழுகுவத்தி, தீப்பெட்டி, ஓஆர்எஸ் பாக்கெட், பால் பவுடர், அவல், பொட்டுக்கடலை, வெல்லம். அவலும் வெல்லமும் அடுப்பே இல்லாம சாப்பிடலாம்ங்கறது மாடில ரெண்டு நாள் இருந்த எனக்கு பெரிய விஷயம்.

தண்ணிக்கு கணக்கு ஈஸி. குடிக்க, சமைக்க ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு நாலு லிட்டர், நாலு பேர் மூணு நாள்னா கிட்டத்தட்ட 48 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ரெண்டரை. எப்பவும் வாங்கற கேனை மழைக்காலத்துல மூணா வாங்கி வரிசையா தீத்துட்டே வாங்க, அவ்வளவு தான்.

காசு மட்டும் கையில நோட்டா இருக்கணும், இதுல நான் விட்டுக் குடுக்கவே மாட்டேன். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் வந்தப்ப நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சு ஒரு மாசம் தான் ஆகியிருந்துச்சு, ஏடிஎம்ல பணம் இல்ல, கரண்ட் இல்லாததால கார்டு மெஷினும் வேலை செய்யல. இப்ப எல்லாம் யூபிஐ, டவர் போனா அதுவும் போச்சு. 2015-ல பால் பாக்கெட்டை நூறு ரூபாய்க்கு வித்தாங்க, அதுக்கும் கையில நோட்டு வேணும். ஐம்பதும் நூறுமா ஒரு கவர்ல போட்டு வைங்க, சில்லறை யார்கிட்டயும் இருக்காது.

எங்க வீட்ல தலைகீழ். நான் ரெடியா இருக்கணும்ங்கறேன், என் மனைவி "வீடு பூரா அடைசலாக்காதீங்க"ன்னு திட்றாங்க.

சார், கோவிச்சுக்காதீங்க, இது மூணு நாலு பேர் கேட்டுட்டாங்க, நாலுலயும் ஒரே கதை. ஐயா ஆர்வத்துல பெட்ரோமாக்ஸ், டிரம், மணல் மூட்டைன்னு வாங்கிக் குமிச்சுடறார், அதைத் தூசி தட்டறதும் சுத்தி நடக்கறதும் அம்மா. வீட்ல எது எங்க இருக்கணும்னு முடிவு பண்றவங்ககிட்ட முதல்ல கேளுங்க. ஒரு ஷெல்ஃப், ஒரு பை, இது தான் எல்லைன்னு நீங்களே வாக்கு குடுங்க, அதுல அடங்கலன்னா வாங்காதீங்க. உள்ள என்ன வைக்கறதுன்னு அவங்க முடிவு பண்ணட்டும். ஆம்பளைங்க போட்ட பைல நாப்கின் இருந்து நான் பாத்ததே இல்ல, குழந்தைக்கு மாத்து உள்ளாடை இருந்தும் பாத்ததில்ல.

அந்தப் பைல அப்படி என்ன தான் வைக்கறது?

ஸ்கூல் பை ஒண்ணு போதும். ஒரு வாரத்துக்கான மாத்திரையும் மருந்துச் சீட்டும், ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரத்தோட ஜெராக்ஸ், இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் ஜிப் கவர்ல (அசல் பத்திரம் உயரமான அலமாரிலயோ லாக்கர்லயோ இருக்கட்டும், முடிஞ்சதை டிஜிலாக்கர்ல ஏத்திடுங்க, 2015-க்கு அப்புறம் தொலைஞ்ச சர்டிபிகேட்டுக்கு அரசாங்கம் தனி முகாமே போட வேண்டி வந்துச்சு). டார்ச், பவர் பேங்க், விசில், ஒரு ஜோடி துணி, மூக்குக்கண்ணாடி பழசு ஒண்ணு. அப்புறம் ஒரு பேப்பர்ல நம்பர் எல்லாம் கையால எழுதி, ஏன்னா போன் செத்தா கட்டின புருஷன் நம்பரே நமக்கு மனப்பாடமா தெரியாது. மாநில பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, ஆம்புலன்ஸ் 108, எதுவா இருந்தாலும் 112, கேஸ் கசிஞ்சா 1906, கரண்டுக்கு மின்னகம் 94987 94987.

நாங்க இருக்கறது மூணாவது மாடி. எங்களுக்கு என்ன வரப் போகுதுன்னு கேக்கறார்.

வீட்டுக்குள்ள தண்ணி வராது, ஆனா கீழ இருக்கற சம்ப்ல சாக்கடை கலந்துடும், மோட்டார் முழுகிடும், லிஃப்ட் நிக்கும், பாதுகாப்புக்காக ஈபிகாரங்களே கரண்டை நிறுத்துவாங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் மாடி வீட்டுக்காரங்க நாலஞ்சு நாள் கரண்டும் தண்ணியும் இல்லாம மேலயே கிடந்தாங்க. மாடிக்காரங்களுக்கு தண்ணியும் மருந்தும் தான் முக்கியம், அதை மட்டும் பேசுங்க.

மழை வர்றப்போ கிளம்பலாம்னு நான் சொல்றேன், வீட்டை விட்டு வர மாட்டேங்கறார். ஒவ்வொரு தடவையும் இதே சண்டை.

இந்த சண்டையை மழை பெய்யும்போது போடக் கூடாது, சித்திரை வெயில்ல போடணும். தண்ணி ஏறும்போது யார் சொன்னாலும் அது பயமா தான் தெரியும், இன்னும் கொஞ்சம் பாப்போம்னு தான் மனசு சொல்லும், அன்னிக்கு என் வீட்டுக்காரருக்கு சொன்ன மாதிரியே. அதனால ரெண்டு பேரும் சேர்ந்து முன்னாடியே ஒரு அடையாளம் வச்சுக்கணும். எங்களுக்கு ரெண்டு இருக்கு, அதி கனமழைன்னு எச்சரிக்கை வந்தா அத்தையும் பையனும் அன்னிக்கே குரோம்பேட்டைல இருக்கற நாத்தனார் வீட்டுக்கு போயிடணும், தெருத்தண்ணி எங்க வாசல்ல ரெண்டாவது படியைத் தொட்டா நாங்களும் கதவைப் பூட்டிட்டு கிளம்பணும். அந்தப் படில அவரே சிவப்பு பெயிண்ட்ல ஒரு கோடு போட்டிருக்கார். இப்ப நான் "கிளம்பலாம்"னு சொல்ல வேண்டியதே இல்ல, கோடு சொல்லுது, அவருக்கும் பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ஓடினோம்ங்கற எண்ணம் வராது.

ஏன் வர மாட்டேங்கறாங்கன்னும் கேளுங்க. நிறைய பேருக்கு திருட்டு பயம், சிலருக்கு நாய், பசு மாடு, சிலருக்கு அடுத்தவங்க வீட்ல போய் நிக்கற கூச்சம். எங்க வீட்ல கூச்சம் தான். நான் நாத்தனார்கிட்ட முன்கூட்டியே பேசி அவங்களையே அண்ணனைக் கூப்பிட வச்சேன், "அண்ணா, மழைன்னா நீங்க இங்க தான் வரணும்"னு ஒரு வார்த்தை அவங்க சொன்னதும் அந்தக் கதவு திறந்துடுச்சு.

கிளம்பறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியதையும் பிரிச்சுக்கோங்க. மெயின் ஸ்விட்சை அணைக்கறது அவர், தண்ணி பிளக் பாயிண்டுக்கு வர்றதுக்கு முன்னாடி, ஈரத்துல நின்னுட்டு தொடவே கூடாது. இன்வெர்ட்டரையும் சேர்த்து அணைக்கணும், மெயினை அணைச்சாலும் அது வீட்டுக்குள்ள கரண்ட் குடுத்துட்டே இருக்கும், இதை நிறைய பேர் மறந்துடறாங்க. சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி கழட்டி, சிலிண்டரை ஜன்னல் கம்பியோட கட்டறது நான், ஏன்னா தண்ணில அது மிதந்து உருளும். பாத்ரூம் கோப்பைல மணல் மூட்டை வைக்கறது அவர், இல்லன்னா வெளித்தண்ணிக்கு முன்னாடி சாக்கடை அது வழியா தான் உள்ள வரும்.

கார், பைக்கைப் பத்தி பேசினா மட்டும் காது குடுக்கறார்.

அப்ப அங்கேர்ந்தே ஆரம்பிங்க, அதுல எந்தத் தப்பும் இல்ல. வேளச்சேரில மழை அறிவிப்பு வந்தாலே மேம்பாலத்து மேல காரை வரிசையா நிறுத்திடறாங்க, 2024 அக்டோபர்ல எல்லாரும் பாத்தது தான், இத்தனைக்கும் அந்த வீடுகள்ல எத்தனை பேர் வீட்டுக்குள்ள ஒரு டார்ச் கூட வச்சிருக்க மாட்டாங்க. காருக்கு அவர் பண்றதை மரியாதையா பாராட்டுங்க, தண்ணில நின்ன காரை ஸ்டார்ட் பண்ணக் கூடாது, இன்ஜின் ப்ரொடெக்ட் கவர் இல்லன்னா இன்சூரன்ஸ்காரங்க பொதுவா அதுக்கு பணம் தர மாட்டாங்கன்னு அவரே உங்களுக்கு விளக்குவார். விளக்கி முடிச்சதும் "இதே மாதிரி வீட்டுக்கு ஒரு லிஸ்ட் போட்டுத் தர்றீங்களா"ன்னு கேளுங்க.

குழந்தைகளை பயமுறுத்தற மாதிரி ஆகாதா?

பண்ற விதத்துல இருக்கு. ஒரு சனிக்கிழமை ராத்திரி எல்லா லைட்டையும் அணைச்சுட்டு டார்ச்ல சாப்பிட்டு, போன் இல்லாம கதை சொல்லிட்டு படுங்க, அவங்களுக்கு அது ஜாலி. எங்க பையனுக்கு 2015-ல மூணு வயசு, ரொம்ப நாள் மழைச் சத்தம் கேட்டாலே ஒட்டிக்குவான். டார்ச்சும் விசிலும் அவன் பொறுப்புன்னு குடுத்தப்புறம் தான் அது குறைஞ்சுது. ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லிக் குடுங்க, வெள்ளத் தண்ணில விளையாடக் கூடாது, சேத்துப்புண் வரும், எலிக்காய்ச்சல் வரும், அறுந்த கரண்ட் கம்பி கிடக்கும், மூடி போன மேன்ஹோல் தெரியாது.

எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு. அசையவே இல்ல.

உங்க கையில இருக்கறதை மட்டும் சத்தமில்லாம பண்ணிட்டு விடுங்க. மருந்து, தண்ணி, பேப்பர், நோட்டு, இதுக்கு யார் சம்மதமும் வேண்டாம். ஆனா ஒளிச்சு வைக்காதீங்க, எங்க இருக்குன்னு சொல்லிடுங்க, அன்னிக்கு நீங்க வீட்ல இல்லாம போகலாம். கரண்ட் போய் அவர் அந்த டார்ச்சை எடுக்கற நாள்ல "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அந்த ஒரு வாக்கியம் பத்து வருஷத்தை பின்னாடி தள்ளிடும்.

என் வீட்டுக்காரர் 2023 டிசம்பர் 2-ஆம் தேதி, மிக்ஜாம் வர்றதுக்கு முன்னாடி சனிக்கிழமை, நான் ஒண்ணும் சொல்லாமலே காரை மேட்டுல இருக்கற நண்பர் வீட்டு வாசல்ல விட்டுட்டு, அத்தையை நாத்தனார் வீட்ல விட்டுட்டு, வர்ற வழியில ரெண்டு கேன் தண்ணியோட வந்தார். அன்னிக்கு ராத்திரி முழுக்க அவர் தூங்கல, வாசல் படியைப் பாத்துட்டு உக்காந்திருந்தார், நானும் டீ போட்டுட்டு கூட உக்காந்துட்டேன்.

இந்த வருஷம் மழையே இல்ல. "பாத்தியா, எல்லாம் வேஸ்ட்"ங்கறார். என்ன சொல்றது?

ஒண்ணும் சொல்ல வேண்டாம். மார்கழி முடிஞ்சதும் பையைப் பிரிச்சு அவர்கிட்டயே குடுங்க. வெல்லமும் அரிசியும் பொங்கப் பானைக்கு, அவல் சனிக்கிழமை டிபனுக்கு, மாத்திரை அடுத்த மாச டப்பாவுக்கு, கவர்ல இருந்த நோட்டு கரும்புக்கும் மஞ்சக்கொத்துக்கும். பால் பவுடர்ல எங்க அத்தை பால்கோவா கிண்டுவாங்க, மழை வராத வருஷம் அது எங்க பையனுக்கு.